கிராம்பு எண்ணெயில் பல்வலி நின்றுவிட்டது, இனிப் பல் மருத்துவர் எதற்கு?

வாசகர் கேள்வி, 3 அக்டோபர் 2024

எனக்கு வயது 42. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகச் சொத்தையாக இருக்கிறது. சென்ற வாரம் இரவில் படுக்கவே முடியாத வலி வந்தது. அம்மா சொன்னபடி கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்தேன், உப்பு நீரால் கொப்பளித்தேன். இரண்டே நாளில் வலி அடியோடு நின்றுவிட்டது. இப்போது சூடோ குளிர்ச்சியோ அந்தப் பல்லில் தெரிவதே இல்லை. ஈறில் மட்டும் ஒரு சிறு கொப்புளம் இருக்கிறது, அதுவும் வலிக்கவில்லை. மருத்துவரிடம் போனால் ரூட் கெனால் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நம் வீட்டு வைத்தியமே போதும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

3 அக்டோபர், இரவு

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தவை கடைசியில் நீங்கள் சொன்ன இரண்டு செய்திகள்: சூடும் குளிர்ச்சியும் தெரியவில்லை என்பதும், ஈறில் வலியில்லாத கொப்புளம் இருக்கிறது என்பதும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான கூழ் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கடினமான பல் திசு இருப்பதால், சொத்தை வழியாகக் கிருமிகள் உள்ளே போய்க் கூழ் வீங்கத் தொடங்கும்போது அதற்கு விரிந்துகொள்ள இடம் இருப்பதில்லை. அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதால் இன்னும் ஏறுகிறது; பல்வலி இரவில் கொல்வதற்குக் காரணம் இதுவே. அந்த அழுத்தத்தில் கூழ் செத்துவிட்டால் வலியை உணர அங்கே நரம்பு மிஞ்சுவதில்லை, ஆனால் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. அவை வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. சீழ் எலும்பை அரித்து வெளியே வர வழி கண்ட இடமே உங்கள் ஈறில் தெரியும் கொப்புளம் என்று எண்ணுகிறேன். வடிந்துகொண்டிருக்கும் வரை அழுத்தம் இல்லை, ஆகவே வலியும் இல்லை. அந்த வாய் அடைபடும் நாளில் கன்னம் வீங்கும்.

நான் பல் மருத்துவன் அல்லன். திண்டுக்கல்லில் மருந்துக் கடையில் வெகுகாலம் மருந்தாளுநராக இருந்தவன். கடை அடைக்கும் நேரத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களில், "வலி தானாகவே போய்விட்டது" என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போய், சில மாதங்கள் கழித்து முகம் கோணி வந்தவர்களை நன்றாக நினைவிருக்கிறது. இந்த வாரத்துக்குள் ஓர் ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

4 அக்டோபர்

கிராம்பு எண்ணெயை நான் குறைத்துப் பேசுவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி இல்லை. அந்த எண்ணெயில் ஏறத்தாழ 70 முதல் 90 விழுக்காடு வரை யூஜெனால் என்ற பொருள் இருக்கிறது. அது நரம்பை மரத்துப் போகச் செய்கிறது, கிருமிகளையும் ஓரளவு ஒடுக்குகிறது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்தும் கலவையே துத்தநாக ஆக்சைடும் யூஜெனாலும் சேர்ந்ததுதான். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வீசும் அந்த மணம் பலருக்கும் பழக்கமானது.

ஆனால் அதை வைக்கும் முறை முக்கியம். கலப்பில்லாத எண்ணெய் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பட்டால் வெந்துபோகும். தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சில சொட்டுகளைக் கலந்து, சிறிய பஞ்சில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். முழுக் கிராம்பை அந்தப் பல்லின் ஓரத்தில் அடக்கிக்கொள்வது இதைவிட மென்மையான வழி, எங்கள் வீட்டில் அதைத்தான் செய்வார்கள். சொத்தையே இல்லாமல் ஈறு வீங்கியவர்களுக்கு இதனால் பெரிய பயன் கிடையாது, புண்தான் மிஞ்சும்.

4 அக்டோபர், பின்னிரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கிராம்பு எண்ணெய்க் குப்பியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. சிறு குழந்தை அதைக் குடித்துவிட்டால் கல்லீரல் கெடும், வலிப்பும் வரலாம். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவுவதும் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் களிம்பையும் அந்த வயதில் தொடக் கூடாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது குலைத்துவிடக்கூடும் என்பதால், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. குளிர்ந்த, சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுத்தால் போதும்.

6 அக்டோபர்

மாத்திரைகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதற்கும் வெகு குறைவாகவே எடுக்க வேண்டும். ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமைச் சாப்பாட்டுக்குப் பின் பாராசிட்டமாலோடு சேர்த்து எடுப்பது பல்வலிக்குத் தனித்தனியே எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, மாத்திரையால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் பக்கம் போகக் கூடாது. இரண்டும் கலந்த ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். அதை விழுங்கிவிட்டு மேலும் தனியாகப் பாராசிட்டமால் போடுகிறவர்களை நான் பலமுறை தடுத்திருக்கிறேன். அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை.

கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மருந்துதான் என் பெரிய மனக்குறை. "அமாக்சிசிலின் நாலு, மெட்ரோனிடசோல் நாலு கிழித்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களை நாள்தோறும் பார்த்தேன். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போவார்கள். பல்லுக்குள் இருக்கும் கூழ் செத்த பிறகு அங்கே இரத்த ஓட்டமே இல்லை. இரத்தத்தில் வரும் மருந்து அந்தக் குழிக்குள் எப்படிப் போய்ச் சேரும்? வேரைச் சுற்றியுள்ள வீக்கத்தைச் சிறிது தணித்துவிட்டு மருந்து முடிந்ததும் நோய் திரும்புகிறது, அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு. நோய் எதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெரியவர்களின் பல்வலிக்கும் வேர் நுனிச் சீழுக்கும், உடனே பல் சிகிச்சை கிடைக்கக்கூடிய நிலையில், பெரும்பாலும் கிருமிக்கொல்லி வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்று வரும்போது மருத்துவரே எழுதித் தருவார். அப்போது மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது தொடக் கூடாது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

7 அக்டோபர்

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் நேற்றைய குறிப்போடு ஒரு வரி. பல்வலியோடு கடுங்காய்ச்சலும் உடல்வலியும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் எடுக்காதீர்கள். டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறையும், ஈறிலிருந்து தானாக இரத்தம் கசிவதும் அதன் அறிகுறிகளில் ஒன்று. இந்த மாத்திரைகள் அந்தக் கசிவைப் பெருக்கிவிடும்.

10 அக்டோபர்

"எனக்குச் சொத்தை எதுவும் இல்லை, பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது, வாய் நாறுகிறது, மஞ்சளும் உப்பும் தேய்க்கிறேன்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இது வேறு நோய், இதைப் பற்றித்தான் வீட்டு வைத்தியத்தில் விரிவாகப் பேச இடம் இருக்கிறது.

இரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கிவிடுவதுதான் நம் மக்கள் முதலில் செய்வது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு நேரான விடை. ஈறு நலமாக இருந்தவர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதில் ஈறு பழையபடி ஆனது. எந்த மருந்தும் தேவைப்படவில்லை. ஆகவே இரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாக, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும். கை அழுத்தம் வேண்டாம். பல் இடுக்குகளுக்கு நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ வேண்டும்.

உப்பு நீர் உண்மையில் உதவுகிறது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்ட பின் கொப்பளிப்பது, அவ்வளவுதான். கொய்யா இலைக் கஷாயமும் மாசிக்காயும் துவர்ப்புப் பொருள் நிறைந்தவை, ஈறைச் சற்று இறுக்கும். திரிபலா நீரால் கொப்பளிப்பது பல்லில் படியும் அழுக்கைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பைச் சென்னையில் பதின்ம வயதினரிடம் சோதித்து ஈறு அழற்சி குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். துலக்குவதற்கு மேல் கூடுதலாகச் செய்வதில் தடையில்லை, ஆனால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும் என்பதால் குழந்தைகளுக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் வேண்டாம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழிக்கும் நியாயம் உண்டு. குச்சியின் துவர்ப்பும் அதை மென்று நாராக்கித் தேய்ப்பதும் சேர்ந்து வேலை செய்கின்றன. கரியும் செங்கல் பொடியும் அந்தக் கணக்கில் வராது, அவை பல்லின் மேல்பூச்சைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

இவை எவற்றாலும் முடியாத ஒன்று, இறுகிப் போன காரையை எடுப்பது. பல்லில் படிந்த அழுக்கு சில நாட்களிலேயே உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. அதற்கு மருத்துவர் ஸ்கேலிங், அதாவது கருவியால் காரையைப் பெயர்த்தெடுக்கும் வேலை, செய்தே ஆக வேண்டும். செய்தால் பல் ஆடிவிடும் என்று என் அத்தை கடைசிவரை மறுத்தார். காரை ஏற்கெனவே எலும்பை அரித்து, ஆடும் பல்லை ஒட்டவைத்தது போல் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. அரிக்கப்பட்ட எலும்பு தானாக வளர்வதில்லை என்பதால் அத்தை தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் பல்லாகக் கழிந்தது. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

11 அக்டோபர்

பீடி, சிகரெட் குடிப்பவர்கள் ஈறில் இரத்தம் வரவில்லை என்பதை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்தம் வராது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவாக முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் அடங்காது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் சர்க்கரை இறங்காதவர்கள் ஒருமுறை வாயைக் காட்டிப் பார்க்கலாம்.

15 அக்டோபர்

கண்டங்கத்திரிப் புகையால் தன் பாட்டிக்குப் பல்லிலிருந்து புழுக்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்ததை நான் மறுக்கவில்லை. நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். உலர்ந்த விதையைத் தணலில் இட்டு, புகையை வாயில் பிடித்து, பாத்திரத்து நீரில் துப்பினால் வெண்ணிற நூல் போன்றவை மிதக்கும். ஐரோப்பாவிலும் இதே வைத்தியம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. அங்கே குரோசாணி என்ற செடியின் விதையைப் பயன்படுத்தினார்கள். சூட்டில் விதை வெடித்து வெளிவரும் முளைக்கருவே அந்தப் "புழு" என்று பின்னர் தெளிந்தார்கள். கண்டங்கத்திரியும் அதே தாவரக் குடும்பம், அதன் விதையிலும் முளைக்கரு வளைந்த நூல் போலவே இருக்கும். பல்லில் புழுவைத் தாம் கண்டதில்லை என்று பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் எழுதினார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்க, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் வில்லோபி மில்லர் விளக்கினார். பாட்டியின் வலி குறைந்தது உண்மையாகவே இருக்கலாம், புழு மட்டும் பல்லிலிருந்து வந்ததல்ல.

18 அக்டோபர்

பல்லில் வைக்கக் கூடாதவை என்று நான் கடையில் கண்டவற்றை எழுதுகிறேன்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வது. அது அமிலம், ஈறு வெள்ளையாக வெந்து தோலாக உரியும், வலியும் குறையாது, ஏனென்றால் அந்த மாத்திரை விழுங்கினால்தான் வேலை செய்யும். இடித்த பூண்டை இரவு முழுவதும் கட்டி வைப்பதும் அதே போன்ற புண்ணைத்தான் தரும்.

எருக்கம் பால். இதை வாசகர்கள் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும். வாயை அரிப்பதோடு, அதே கையால் கண்ணைத் தொட்டால் கருவிழி பாதிக்கப்படும்.

புகையிலை. வலிக்கிற பல்லில் ஒரு சிட்டிகை என்று தொடங்கி வாழ்நாள் பழக்கமாகிப் போன பெண்களை எனக்குத் தெரியும். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது; வாயில் ஒதுக்கும் பழக்கத்தை எந்தத் தடையும் இன்னும் நிறுத்தவில்லை.

எலுமிச்சைச் சாறு பல்லை வெளுக்க வைப்பது போலத் தெரியும், உண்மையில் மேல்பூச்சைக் கரைக்கிறது. வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் சூடான பற்றும் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வெளிப்புறம் வைத்து எடுப்பதும், தலையணையை உயர்த்திப் படுப்பதும் அந்த இரவைக் கடக்க உதவும்.

குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான் பற்றிக் கேட்டவருக்கு: 0.2 விழுக்காடு மருந்து, நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடர வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை மாறும். பற்பசையால் துலக்கியதற்கும் இதற்கும் இடையே அரை மணி நேரமாவது விடுங்கள். பற்பசையின் நுரைப்பொருள் இதன் வலிமையைக் குறைத்துவிடும்.

22 அக்டோபர்

கேள்வி கேட்ட நண்பர் படம் எடுத்துவிட்டதாகவும், வேர் நுனியைச் சுற்றிக் கருநிழல் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார். எலும்பு கரைந்த இடம் படத்தில் அப்படித்தான் தெரியும். பல்லின் மேற்பகுதி போதிய அளவு மிஞ்சியிருந்தால் வேர்க்குழாயைத் துப்புரவு செய்து அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். இரண்டுமே சிகிச்சைதான், சும்மா விடுவது மட்டும் சிகிச்சை அல்ல. செலவுதான் தடை என்றால், சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் வேலை நடக்கும்.

எந்த நிலையில் காலைவரை காத்திருக்கவே கூடாது என்று அவருடைய மனைவி கேட்டிருக்கிறார். மிகவும் தேவையான கேள்வி. வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் போவது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிவது, முகவாய்க்கட்டையின் அடியில் இரு பக்கமும் பலகை போல் இறுகி வீங்குவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, குரல் மாறுவது, மூச்சுத் திணறுவது, குளிர்காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மூச்சில் சிரமம் என்றால் 108ஐ அழைக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ் நாக்கின் அடியில் பரவி மூச்சுப் பாதையை நெருக்கும் இந்த நோயை 1836இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களை அது கொன்றது.

23 அக்டோபர்

பல்லில் எந்தக் குறையும் இல்லாமல் தாடை வலித்தால் வேறு இடங்களையும் நினைக்க வேண்டும். மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் கீழ்த்தாடை வலித்து, நின்றால் குறைகிறது என்றால் அது இதய வலியாக இருக்கக்கூடும். சளியோடு மேல் கடைவாய்ப் பற்கள் பல ஒன்றாக வலித்து, குனியும்போது கூடினால் மூக்கை ஒட்டிய எலும்பறையின் (சைனஸ்) அழற்சியாக இருக்கலாம்.

2 நவம்பர்

வேர் இரண்டாகப் பிளந்திருந்ததால் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நண்பர் நேற்று எழுதியிருந்தார். உப்பு நீர் கொப்பளிக்கத் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தார். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம், பலமாகத் துப்பவும் வேண்டாம், உறிஞ்சுகுழலால் குடிக்கவும் வேண்டாம், பீடி அறவே கூடாது. குழியில் உறைந்திருக்கும் இரத்தக்கட்டிதான் எலும்பை மூடிக் காக்கிறது; அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும், மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை இழுக்கும் வலி வரும். அப்படி வந்தால் மாத்திரையைக் கூட்டாமல் பிடுங்கிய மருத்துவரிடமே போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த 24 மணி நேரம் கழிந்த பிறகு, சாப்பிட்ட பின், வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்துத் தானாக வழிய விட்டால் போதும்.